நான்காம் பக்கத்து அறிவிப்பு

பள்ளிக்கூடம் மூடிய மறுநாள் காலையிலேயே மாவட்ட அலுவலகத்தின் நிலவறையில் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். ஆகஸ்டு முதல் வாரத்தில் கண்காட்சி முடிந்து கடைசிப் பன்றியும் லாரியில் ஏறும் வரைக்கும் அது ஓயாது. அதை எடுத்துப் பதில் சொல்பவள் மார்லிஸ் டோர்வால். அந்த மினசோட்டா மாவட்டத்தில் இளையோர் விவசாய மன்றம் என்றால் அவள்தான் என்று முந்நூற்று நாற்பது குடும்பங்கள் நினைத்துக்கொண்டிருந்தன. படகு முகாமுக்குக் கம்பளி கொண்டு வர வேண்டுமா, ஆட்டுக் காதில் எண் தகடு எந்தத் தேதிக்குள் மாட்ட வேண்டும், ருபார்ப் ஜாம் போட்டிக்குச் சின்னப் புட்டியா பெரிய புட்டியா, எல்லாவற்றுக்கும் அவளிடம் விடை இருந்தது.

அவள் மேசைக்கு எதிரே சுவரின் உச்சியில் ஒரு ஜன்னல். நிலவறை ஜன்னல் என்பதால் அதில் வானம் தெரியாது. வந்து நிற்கும் கார்களின் சக்கரங்களும், போகிறவர் வருகிறவர் கால்களும்தான் தெரியும். இருபத்துநான்கு கோடைகளாக அந்தக் கால்களைப் பார்த்துப் பார்த்து, யாருடைய பூட்ஸ் யாருடையது என்று அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. பூட்ஸைப் பார்த்ததும், அந்த ஆள் படியிறங்கி வருவதற்குள் அவருக்கு வேண்டிய படிவத்தை எடுத்து மேசையில் வைத்துவிடுவாள்.

ஒரே ஒரு கோடைக்கென்றுதான் வந்தாள். 1973இல், அங்கே வேலை பார்த்த பெண் பிரசவத்துக்குப் போனபோது, மூன்று மாதம் இருந்து கொடுக்கச் சொன்னார்கள். போன பெண் திரும்பவில்லை. மார்லிஸுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கல்யாணமாகி, கணவன் வெண்டலோடு டவுனில் குடியிருந்தாள். வெண்டல் ரயில் பாதையோரத் தானியக் கிடங்கில் வேலை பார்த்தான், இப்போதும் அங்கேதான் பார்க்கிறான். பிறந்த ஒரே மகள் வளர்ந்து நர்ஸாகி டென்வருக்குப் போய்விட்டாள்.

செம்மறி ஆடு என்றால் மார்லிஸுக்கு உயிர். பத்து வயதில் இதே மன்றத்தில் சேர்ந்து ஒரு குட்டியோடு தொடங்கியவள், பதினேழு வயதில் பதினொரு பெட்டை ஆடுகள் வைத்திருந்தாள். அந்த இலையுதிர் காலத்தில் ஒரு நாள் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பார்த்தால் பட்டி கழுவி விடப்பட்டிருந்தது. உள்ளே அவள் அண்ணனின் கன்றுகள் நின்றன. இடம் போதவில்லை என்று அப்பா காலையிலேயே ஆடுகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். இரவுச் சாப்பாட்டில் யாரும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அவளும் எடுக்காமல், தட்டில் போட்டதைச் சாப்பிட்டு எழுந்தாள். நிலம் பிறகு அண்ணனுக்குப் போயிற்று. டவுன் வீட்டுக் கொல்லையில் கோழி வளர்க்கவே நகராட்சி விடாது. ஆகவே முப்பது வருஷமாக அடுத்தவர் பிள்ளைகளின் ஆட்டைத்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

1996 கண்காட்சியில் ஆடு பார்க்க வேண்டிய நடுவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. தங்கை வீட்டுக்கு விருந்தாட வந்திருந்த வில்லா ஆஷ்பி என்ற பெண்மணியைக் கூட்டிவந்தார்கள். மொன்டானாவில் தொள்ளாயிரம் ஆடு வைத்திருப்பவள், அறுபதைத் தாண்டிய ஒற்றை நாடிப் பெண். போட்டி தொடங்கும் முன்பே ஒரு பையனின் ஆடு மக்காச்சோளத்தை மூட்டையோடு கவிழ்த்துத் தின்றுவிட்டு, வயிறு உப்பி மூச்சுத் திணறியது. பையன் அழ, அவன் அப்பா கால்நடை டாக்டருக்கு ஓட, மார்லிஸ் ஒரு ரப்பர் குழாயை அதன் தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறக்கிக் காற்றை வெளியேற்றினாள். பத்து நிமிஷத்தில் ஆடு எழுந்து நின்றது. வேலியில் கையூன்றிப் பார்த்துக்கொண்டிருந்த வில்லா கேட்டாள்.

"உன்கிட்ட எத்தனை ஆடு இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ஏன்?"

மார்லிஸ் குழாயைக் கழுவப் போகிறேன் என்று நகர்ந்துவிட்டாள்.

மறு வருஷம் ஏப்ரலில் வில்லாவிடமிருந்து கடிதம் வந்தது. கூட இருந்து மந்தையைப் பார்த்துக்கொண்ட ஆள் போகப்போகிறான், சின்ன வீடு ஒன்று காலியாக இருக்கிறது, செப்டம்பரில் வந்து சேர், கணவனுக்கும் இங்கே வேலை உண்டு, ஆகஸ்டு பதினைந்துக்குள் சொல். அவ்வளவுதான் கடிதம். மார்லிஸ் அதைக் குதிரைப் பயிற்சிப் படிவங்களுக்கு அடியில் வைத்தாள். மத்தியானம் எடுத்துப் படித்தாள். சாயங்காலம் மறுபடி படித்தாள்.

வெண்டலிடம் காட்டியபோது அவன் கண்ணாடியைப் போட்டு முழுதும் வாசித்தான். நல்ல மனுஷன், குரல் உயர்த்தியே அறியாதவன். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்காட்சி முடியட்டும், பேசலாம் என்றான். அவள் விஷயத்தைச் சொன்னபோது மன்றத்தின் மாவட்ட அதிகாரி லீலண்டும் அதையேதான் சொன்னான். அவளைவிடப் பத்து வயது இளையவன், அவள் இல்லாவிட்டால் தன் மேசையின் சாவியைக்கூடக் கண்டுபிடிக்க மாட்டான். "கண்காட்சி முடிஞ்சதும் உக்காந்து பேசுவோம், மார்லிஸ். இப்ப என்னத்துக்கு அதெல்லாம்?" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான். அந்த ஊரில் முக்கியமான பேச்செல்லாம் கண்காட்சிக்குப் பிறகுதான். கண்காட்சி முடிந்தால் அறுவடை வரும், அறுவடை முடிந்தால் பனி விழும், பனியில் யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. வசந்தம் வந்தால் அடுத்த கண்காட்சிக்குப் பெயர் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். தானும் இருபத்துநான்கு வருஷமாக அப்படியே சொல்லி வந்திருப்பது அவளுக்குத் தெரியும்.

ஜூலை மாதச் செய்தி மடலைத் தயாரிக்கையில்தான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. முதல் பக்கத்தில் படகு முகாம். இரண்டாம் பக்கத்தில் தோட்டம் பார்வையிட வரும் நாட்களும் ரொட்டி சுடும் வகுப்பும். மூன்றில் கால்நடை எடை போடும் அட்டவணை. நான்காம் பக்கத்தில் பேச்சுப் போட்டி முடிவுகளுக்கும் ஆட்டுக்கொட்டகை சுத்தம் செய்யும் முறைப்பட்டியலுக்கும் நடுவே நாலு வரி இடம் மிஞ்சியது. வழக்கமாக அங்கே ஒரு படம் போடுவாள். இந்த முறை இப்படித் தட்டச்சு செய்தாள்: "இந்தக் கண்காட்சியோடு நான் வேலையிலிருந்து விலகுகிறேன். செப்டம்பரில் மொன்டானா போகிறேன். இத்தனை வருஷம் நீங்கள் காட்டிய அன்புக்கு நன்றி. மார்லிஸ் டோர்வால்."

லீலண்ட் வழக்கம்போல முதல் பக்கத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். மூன்று தாய்மார்கள் வந்து முந்நூற்று நாற்பது பிரதிகளையும் மடித்து, முகவரி ஒட்டி, சிரித்துப் பேசி, எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை தபாலில் சேர்த்தாள். வெள்ளிக்கிழமை முழுக்க, தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தாள்.

அந்த ஒரு வாரத்தில் நாற்பத்தோரு அழைப்புகள். படகு முகாமுக்கு மழைக்கோட்டு கட்டாயமா என்று பதினாறு பேர். முயல் எடை போடுவது செவ்வாயா புதனா என்று ஒன்பது பேர். ஒரு பாட்டனார் தன் பேரன் பெயரை மாட்டுக்குப் பதில் பன்றியில் போட்டுவிட்டதாகச் சண்டை பிடித்தார். மொன்டானாவைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடையில், தேவாலயத்தில், வங்கியில் எல்லாரும் எப்போதும் போலச் சிரித்தார்கள். வெண்டல் மடலைப் படிப்பதே இல்லை. அதில் வருவதெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டாகிவிடுகிறதே. அவளும் அவனிடம் எடுத்து நீட்டவில்லை. யாராவது ஒருவர் தானாகப் படித்துவிட்டுக் கேட்கட்டும் என்று ஒரு வீம்பு. வீம்பு மெல்ல மெல்ல பயமாகிக்கொண்டு வந்தது.

கண்காட்சி வெயிலோடு வந்தது. ஆட்டுக்கொட்டகையில் தகரக் கூரைக்கு அடியில் மின்விசிறிகள் சூட்டையே சுழற்றியடித்தன. மார்லிஸ் பட்டி பட்டியாக எண் அட்டை சரி பார்த்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள், ஒரு பட்டியில் ஆட்டுக்குக் குளம்பு சீவிக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பெயர் சோல்வே ரஸ்டாட்.

"மிஸஸ் டோர்வால், என் பேரைத் தப்பாப் போட்டுட்டீங்க. பேச்சுப் போட்டில. நாலாம் பக்கம். சோல்வின்னு போட்டிருக்கு."

மார்லிஸ் மன்னிப்புக் கேட்டாள். அடுத்த மடலில் திருத்தம் போடுவதாகச் சொன்னாள்.

"அடுத்த மடலுக்குத்தான் நீங்க இருக்க மாட்டீங்களே," என்றாள் அந்தப் பெண், குளம்பிலிருந்து கண்ணெடுக்காமல். "என் பேருக்குக் கீழதானே போட்டிருந்தீங்க."

மார்லிஸின் கையிலிருந்த அட்டைகள் நழுவின. பொறுக்கிக்கொண்டே, யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டாள்.

"அம்மாகிட்ட சொன்னேன். மார்லிஸா, அவ எங்க போவா, ஏதாவது வெளையாட்டுக்குப் போட்டிருப்பான்னாங்க."

அதில் பொல்லாப்பு எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி அந்தப் பெண் சொன்னாள், அவ்வளவுதான். மார்லிஸ் தீவன அறைக்குள் போய் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். அவ எங்க போவா. தண்ணீர்த் தொட்டியைப் பற்றி, கொடிக்கம்பத்தைப் பற்றிச் சொல்வது போல. வெளியே ஒலிபெருக்கியில் லீலண்ட் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரிசளிப்பு. ஊதாப் பரிசு நாடாக்கள் எல்லாம் கொடுத்து முடித்தபின் லீலண்ட் அவளை மேடைக்கு அழைத்தான். வேலைக்கு வந்து இருபத்தைந்தாம் கோடை என்று ஒரு மரப்பலகையில் பெயர் பொறித்து வைத்திருந்தார்கள். கூடவே, அடுத்த கோடையில் நாலு மாவட்டமும் சேர்ந்து நடத்தும் செம்மறி முகாமை மார்லிஸே நடத்துவாள் என்று குழு முடிவு செய்திருப்பதையும் அறிவித்தான். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த முகங்களில் உண்மையான பிரியம் இருந்தது. வெறுப்பவர்களிடமிருந்து போய்விடுவது எத்தனை சுலபம் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது.

மைக் கைக்கு வந்தது. "அடுத்த வருஷம் நான் இருக்க மாட்டேன்," என்றாள். "மடல்லயே எழுதியிருந்தேன். மொன்டானா போறேன். ஆடு மேய்க்க."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. சிரிப்போடு மறுபடி கைதட்டல். லீலண்ட் அவள் முதுகில் தட்டி, மைக்கை வாங்கிக்கொண்டு, பன்றிகளை ஏற்றும் நேரத்தை அறிவித்தான்.

படிக்கட்டு இருக்கை வரிசையில் சிரிக்காமல் இருந்தவன் வெண்டல் ஒருவன்தான். சாயங்காலம் இருவரும் வண்டியில் வீடு திரும்பினார்கள். பீட்ரூட் வயல்களைக் கடக்கையில் வெண்டல் கேட்டான்.

"மடல்ல போட்டிருந்தியா?"

"நாலாம் பக்கத்துல."

"என்கிட்ட வாயால சொல்லியிருக்கலாமே, மார்லி."

"ஏப்ரல்லயே சொன்னேன். கண்காட்சி முடியட்டும்னு நீதான் சொன்னே."

"அங்க வந்து நான் என்ன பண்ணுவேன்? ஆட்டோட வாடையே எனக்கு ஒத்துக்காது."

"தெரியல. ஆனா நான் போறேன், வெண்டல்."

வருகிறேன் என்று வில்லாவுக்கு எழுதிவிட்டு, செப்டம்பர் முதல் தேதி அவள் தனியாகப் புறப்பட்டாள். அவன் டயர்களுக்குக் காற்றடித்து, எண்ணெய் மாற்றிக் கொடுத்தான். மொன்டானாவில் ஆறு வாரம் இருந்தாள். காலையில் மலைச்சரிவிலிருந்து ஆடுகளை இறக்குவது, பல் பார்த்து வயதுவாரியாகப் பிரிப்பது, கிடா சேர்ப்பதற்குத் தயார் செய்வது என்று நாள் போவதே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வெண்டலுடன் தொலைபேசியில் பேசினாள். நிறையப் பேசினார்கள், வீட்டில் இருந்தபோது பேசியதைவிட அதிகம்.

அக்டோபர் நடுவில், அறுவடை உச்சத்தில், வெண்டல் கிடங்கு ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான். செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் மார்லிஸ் வண்டியை எடுத்தாள். வில்லா வாசல் வரை வந்து, வசந்தம் வரை வீடு காத்திருக்கும் என்றாள். பிப்ரவரியில் அவளிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இடாஹோவிலிருந்து ஒரு தம்பதி வந்துவிட்டார்கள், குட்டி போடும் காலத்துக்கு ஆளில்லாமல் முடியவில்லை, மன்னித்துவிடு. மார்லிஸ் அதற்குப் பதில் எழுதினாள். என்ன எழுதினாள் என்று வெண்டலிடமும் சொல்லவில்லை.

லீலண்ட் இரண்டு முறை வீட்டுக்கு வந்தான். மேசை அப்படியே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றான். அவள் காபி ஊற்றிக் கொடுத்து, முடியாது என்றாள். இரண்டாம் முறையும் அதேதான். தானியக் கிடங்கில் லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடைக்கு ஆள் தேவைப்பட்டபோது அதில் சேர்ந்துகொண்டாள்.

மார்ச் மாதம், பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு நாள், சோல்வேயின் அம்மா எடைமேடை ஜன்னலில் வந்து நின்றாள். சொல்ல வந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டவள்போல வானிலை, ரோடு, விதை என்று சுற்றிச் சுற்றிப் பேசினாள். கடைசியில், தங்கள் பழைய கொட்டகையும் பின்னால் இருக்கிற புல்வெளியும் சும்மா கிடக்கின்றன என்றாள். "அன்னிக்கு நான் ஏதோ சொல்லிட்டேன், மார்லிஸ். மகள் அதை உன்கிட்ட சொன்னது எனக்கு அப்பறம்தான் தெரியும்."

அந்தக் கொட்டகையில் விட மார்லிஸ் சினையான பெட்டை ஆடுகள் ஏழு வாங்கினாள். ஏப்ரலில் ஊன்றுகோலோடு வெண்டலும் கூட வரத் தொடங்கினான். மூக்கைச் சுருக்கிக்கொண்டு கதவோரம் நிற்பான், சொன்னால் வாளியைப் பிடிப்பான். ஒரு நாள் அவள் இரண்டாவது குட்டியை வெளியே இழுத்து வைக்கோலில் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்.

"இங்கயே இருந்துட்டதுல உனக்கு வருத்தம் உண்டா?"

"உண்டு," என்றாள் அவள். "அந்தத் துணியை இப்படிக் கொடு."

அவன் கொடுத்தான். தாய் ஆடு குட்டியை முட்டித் தள்ளியது. மார்லிஸ் தாயின் தலையைத் தொடைகளுக்கு இடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குட்டியின் வாயை மடிக்குக் கொண்டுபோனாள்.