நாலாம் நாளும் வாடை இல்லை

கலைச்செல்வி அழவே இல்லை என்று உத்தரகோசமங்கைப் பக்கம் பேசாத வாய் இல்லை. பேசிவிட்டுப் போகட்டும். பேசுகிறவர்கள் வந்து முந்நூறு நாட்டுக்கோழிக்குத் தண்ணீர் வைக்கவா போகிறார்கள்? புருஷன் பாண்டித்துரை போய் நாலு மாதமாகிறது. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, அழுகை மட்டும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது.

அவர் சித்திரை வெயிலில் கோழிக் கொட்டகைக்குள்ளேயே சாய்ந்துவிட்டார். கத்தாரில் இருந்த மகன் மாரிச்செல்வம், மூன்றாம் நாள் காலையில் வந்துவிடுவேன், அதுவரைக்கும் அய்யாவை வைத்திருங்கள் என்று போனில் கெஞ்சினான். ஐஸ் பெட்டி கொண்டுவந்தார்கள். கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. பங்காளிகள் கலைச்செல்வியின் முகத்தைப் பார்த்தார்கள். பத்து வருஷமாகக் கோழி அறுத்த கை அவளுடையது. இந்த வெயிலுக்குச் சதை எத்தனை நேரம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"தாங்காது. எடுத்துருங்க" என்று அவள்தான் சொன்னாள்.

மறுநாள் மத்தியானமே எடுத்துவிட்டார்கள். கொள்ளி வைத்தது பங்காளி வீட்டுப் பையன். மகன் வந்து இறங்கியபோது சுடுகாட்டில் பால் தெளித்து முடித்திருந்தது. காரியம் முடிந்து கிளம்பும்போது, இருக்கிற குஞ்சுகளை வளர்த்து விற்றுவிட்டுக் கொட்டகையைப் பிரித்துவிடு என்று மட்டும் சொன்னான். அதற்கப்புறம் எப்போது போன் செய்தாலும் வித்தாச்சா என்று ஒரே கேள்விதான்.

கொட்டகை போய்விட்டால் விடிந்து எழுந்து என்ன செய்வது? அவளுக்கு விளங்கவில்லை. அதனால் கொட்டகை நிற்க வேண்டும். அது நிற்பதும் விழுவதும் கீழக்கரையில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் சீனி முகம்மதுவின் கையில் இருந்தது. மொத்தமாக வாங்குகிறவர் அவர் ஒருவர்தான். அவரும் போன இரண்டு தடவை முகம் சுளித்துவிட்டார். கறியில் கருவாட்டு வாடை, ஃபிரிட்ஜில் வைத்தாலும் இரண்டாம் நாளே கெட்டுப்போகிறது என்று.

பாண்டித்துரை செய்த வேலை அது. பாம்பனிலிருந்து கழிவுக் கருவாட்டைச் சல்லிசாக வாங்கிவந்து இடித்துத் தீவனத்தில் கலந்துவிடுவார். கோழி கொழுகொழுவென்று வரும். கருவாட்டிலேயே வளர்ந்த அவர் மூக்குக்கு அது எங்கே வாடையாகத் தெரியப்போகிறது!

கலைச்செல்வி கருவாட்டை நிறுத்தினாள். எப்போதோ ஒரு பயிற்சியில் கால்நடை டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. முருங்கை இலையை நிழலில் காயவைத்தாள். அதோடு மஞ்சள், பூண்டு, ஓமம் சேர்த்து அரைத்து, மூட்டைக்கு அரைக் கிலோ கலந்தாள். தழையைத் தின்றால் கறி கெடாதாக்கும் என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்தது அவள் காதில் ஏறவே இல்லை. மூன்று மாதம் விடாமல் செய்தாள்.

ஆவணியில் பத்துக் கோழிகளைக் கீழக்கரைக்கு அனுப்பினாள். அறுத்து ஃபிரிட்ஜில் வைத்துப் பார்ப்பேன், நாலாம் நாளும் வாடை இல்லாவிட்டால் மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறேன், வாடை அடித்தால் இந்தப் பக்கம் வராதே என்று சீனி முகம்மது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நாலாம் நாள் மத்தியானம் அவரே வண்டியில் வந்து இறங்கினார். தூக்குவாளியைத் திறந்து ஒரு துண்டுக் கறியை நீட்டினார்.

"மோந்து பாரு தங்கச்சி. நாலு நாளாச்சு, நேத்து அறுத்தது மாதிரி இருக்கு. கொட்டகையப் பிரிக்காத. இனிமே வாற கோழியும் எனக்குத்தான்."

கலைச்செல்வி மோந்து பார்த்தாள். வாடை இல்லை. சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். அவளோ அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"நாலு நாளா பாய்?" என்று கேட்டாள்.

அவர் போனதும் மகனுக்குப் போன் போட்டாள். எடுத்ததும் வித்தாச்சா என்றான்.

"வித்தாச்சு. கறி நாலு நாளு கெடாம இருந்துச்சாம்யா." அந்தத் துண்டு இன்னும் கையில்தான் இருந்தது. "அய்யாவ வச்சிருந்திருக்கலாம். நான்தான் அவசரப்பட்டு எடுக்கச் சொல்லிட்டேன்."

கோழிக்கறிக்கும் மனுஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கலாம். மாரிச்செல்வம் கேட்கவில்லை.

"ஆமாம்மா. வச்சிருந்திருக்கலாம்" என்றான்.

ஒரு ஆறுதலுக்குக்கூட வேறு எதுவும் சொல்லவில்லை. கலைச்செல்வி தீவன மூட்டைமேல் உட்கார்ந்து, நாலு மாதத்து அழுகையையும் அழுதாள். கொட்டகைக் கோழி அத்தனையும் மிரண்டு ஒரு மூலைக்கு ஓடின.