வரி கம்மி, விலை கம்மி

ரிட்டையர்டு ஆகிறவனுக்கு மாலை போடுவார்கள். கையோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்யவும் சொல்வார்கள். மாலை வாடுவதற்குள் எனக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது.

நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை, கம்பெனி குவார்ட்டர்ஸிலேயே காலம் தள்ளியவன் நான். குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் ஆள் வந்துவிடும். அந்தச் சொகுசில், வீட்டுக்கு வரி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. படிப்பும் கிடையாது, கையெழுத்துப் போடவே நாக்கைத் துருத்திக்கொள்கிற ஆள்.

முதலில் வடக்குத்து என்ற ஊரில், டவுன்ஷிப்பை ஒட்டிய மெயின் ரோட்டில் ஒரு வீடு பார்த்தோம். விலையைக் கேட்டதும் என் மனைவி செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

"எடம் அப்டிங்க. படுத்துகினே ஷிப்ட் சங்கு கேக்கலாம்" என்றார் புரோக்கர்.

"அந்தச் சங்கு கேக்காம தூங்கணும்னுதான்யா ரிட்டையர்டே ஆவுறேன். அதுக்கும் காசா?"

அவர் சளைக்கவில்லை. கம்மாபுரம் பக்கம் கூட்டிப்போனார். மூன்று ரூம், கிணறு, ரெண்டு தென்னை. மெயின் ரோட்டு வீட்டின் விலையில் பாதிகூட இல்லை.

"டவுன்ஷிப்புலருந்து தூரம், அதான் வெல கம்மி. வரியும் கம்மிங்க."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கட்டில் எந்த ரூமில் என்பதுவரை முடிவு செய்துவிட்டேன். என் மனைவி மட்டும் கிணற்றை எட்டிப் பார்த்தபடி, "வரி கம்மி, வெல கம்மி. அப்ப இங்க எதுதாங்க ஜாஸ்தி?" என்றாள்.

புரோக்கர் வாய் திறப்பதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா.

"பயந்தாங்க்கா ஜாஸ்தி. மைன்ஸுக்கு இந்தப் பக்கமும் நெலம் எடுப்பாங்கன்னு பேசிகினு இருக்காங்க. எடுப்பாங்களோ மாட்டாங்களோ, அத்த நெனச்சிகினே எங்களுக்குத் தூக்கம் போச்சு."

புரோக்கருக்கு அந்த நேரம் பார்த்து அவசரமாக ஒரு போன் வந்தது. மணி அடித்த சத்தம்தான் யாருக்கும் கேட்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, "மைன்ஸ்ல இருக்கேன்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். அந்த வீட்டை வாங்கியிருந்தால் ஒருநாள் நிஜமாகவே மைன்ஸில் இருந்திருப்பேனோ என்னவோ, கட்டிலோடு.

கடைசியில் வடக்குத்திலேயே, மெயின் ரோட்டிலிருந்து நாலு தெரு உள்ளே தள்ளி வாங்கினோம். நாலு தெரு தள்ளியதற்கே விலை எங்கள் கைக்கு எட்டியது. கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். நல்லவேளை, உடம்பில் நானும் பாதி ஆள்தான். பஞ்சாயத்து ஆபீஸில் முதல் தடவை வீட்டு வரி கட்டியபோது, இன்னும் கெடு இருக்கிறதே என்றார்கள்.

"இருக்கட்டுங்க, எனக்கு வூடு இருக்குல்ல" என்றேன்.

பால் காய்ச்சுவதற்கு முதலில் அந்தக் கம்மாபுரத்து அம்மாவைத்தான் அழைத்தோம். பஸ் ஏறி வந்தார்.

"நீங்க மட்டும் வாயத் தொறக்கலன்னா நான் ஏமாந்துருப்பேன்மா. நல்லா இருக்கணும் நீங்க."

"ஏமாந்துதான் இருப்பீங்க" என்று சிரித்தார். "ஆனா எனக்குப் பேச்சுத் துணைக்கு ஒரு பக்கத்து வூடு கெடச்சிருக்கும்ணே. அது இன்னும் பூட்டிதான் கெடக்குது."

என் மனைவி அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றி, "கடைசி பஸ்ஸு வரைக்கும் இங்க பேசிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.