பழைய நேரத்தில் ஓடிய கணினி

2006 நவம்பர் 18, சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணிக்கு அது தொடங்கியது. நான்கு மணி என்று சொன்னது கணினித் திரையின் மூலையில் இருந்த கடிகாரம். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடையின் மேல்மாடியில் இருந்த இணையக் கடையில், வேலை செய்கிற ஒரே கணினியின் முன்னால் நான் அமர்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் அத்தை மகள்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலம். றொசல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்த அப்பா, என்னை வெளியே அனுப்பியது சனிக்கிழமை ஆங்கில வகுப்புக்கு மட்டும்தான். அதுவும் அத்தை மகளின் துணையோடு. ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் வகுப்பு நின்றுவிடும் என்று சொல்லியிருந்தார். மற்ற நாட்களில் எனக்கு முன்னறையும் சமையலறையும் தேயிலை மலையும் மட்டுமே. மலை ஜன்னலுக்கு மிக அருகில் எழுந்திருந்ததால், வானத்தைப் பார்க்க நான் குனிய வேண்டியிருந்தது.

வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் அந்தக் கடையில் கழியும். கட்டுரைகள் வாசிக்கப் போய், வெளிவரவிருந்த ஒரு வீடியோ கேம் பற்றிய கருத்துக்களத்தில் நின்றுவிட்டேன். கேமை உருவாக்கியவர்கள் தங்கள் இணையத்தளத்தில் துப்புகளை ஒளித்து வைத்திருந்தார்கள்: படத்தின் ஓரத்தில் மங்கிய இலக்கங்கள், காரணமின்றிப் பெரிதாக்கப்பட்ட எழுத்துகள். எங்கெங்கோ இருந்த ரசிகர்கள் அவற்றைச் சேர்த்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் எந்தக் கேமும் விளையாடியதில்லை. ஆனால் ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் தன் இடத்தில் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிடும். ஒரு பத்தியை அதன் வரிகளின் இறுதிச் சொற்களால் மட்டும் வாசிக்க வேண்டும் என்று நான் எழுதியது சரியாக இருந்தது. அதன் பிறகு அவர்கள் என் அபிப்பிராயத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

அந்த இறுதிச் சொற்கள் சொன்ன செய்தி இதுதான்: இந்தச் சனிக்கிழமை, இலண்டன் நேரம் காலை பத்தரைக்கு, மறைந்திருக்கும் பக்கமொன்று கால் மணி நேரம் திறக்கும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அது உறங்கும் நேரம். ஐரோப்பாவில் இருந்த இருவருக்கு வேலை. இலங்கைக்கு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன், நான்கு மணி. நான் பார்த்துச் சொல்கிறேன் என்று எழுதினேன். ஒரு பொறுப்பை நானாகக் கேட்டு வாங்கியது அதுவே முதல் தடவை. தோட்டத்துக்கு நேரே போகும் கடைசி பஸ் நாலேகாலுக்கு.

நான்காயிற்று. திரை கறுப்பாகவே இருந்தது.

“என்ன புள்ள, கரண்டு போன லயத்து வீடு மாதிரி கெடக்கு,” என்றாள் அத்தை மகள். “இதுக்குத்தான் ஒரு வடைகூட திங்க விடாம இழுத்துக்கிட்டு வந்தியா?”

“கொஞ்சம் பொறு.”

“நா பொறுப்பேன். பஸ்ஸு பொறுக்குமா?”

பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்தேன். கருத்துக்களத்தில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினேன். பஸ் வெறுமையாக நின்றது; சாரதி இருக்கையிலும் ஆளில்லை. பஸ் நிலையத்தில் நேரம் குறிப்பவரின் அறைக் கடிகாரத்தில் நான்காக இன்னும் கால் மணி இருந்தது.

அந்த ஆண்டு சித்திரையில்தான் நாட்டின் நேரத்தை அரை மணி பின்னால் தள்ளியிருந்தார்கள். பத்து ஆண்டுகளாக ஓடிய நேரம் பழைய நேரமாகிவிட்டது. எங்கள் வீடு அதை விடவில்லை. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக்குப் பிந்திவிடக்கூடாது என்று அப்பா சுவர்க் கடிகாரத்தைத் தொடவிடவில்லை. ஆகவே அவருடைய ஆறு மணி நாட்டுக்கு ஐந்தரை. வீட்டில் நான் எப்போதும் அரை மணியைக் குறைத்தே நேரம் பார்ப்பேன். உலகத்தோடு இணைந்திருக்கும் ஒரு கணினியும் பழைய நேரத்தில் ஓடும் என்று நான் நினைக்கவில்லை.

திரும்ப மேலே ஏறினோம். கணினிக் கடிகாரத்தைப் பற்றிக் கேட்டேன்.

“அதுவா தங்கச்சி? அத நா மாத்தவே இல்ல,” என்றார் கடைக்காரர். “ஆளுக்கு அரை மணி. அதுக்கு எந்த மணியா இருந்தா என்ன?”

என் கதிரையில் இப்போது ஓர் ஆசிரியை இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹட்டனில் கற்பிப்பவர். வெளிநாட்டிலிருந்த மகனுக்கு ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி எழுதிக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். கேட்கத் தோன்றியது, கேட்க முடியவில்லை. நான்கு கடந்துவிட்டது.

ஜன்னலோரம் நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை மகள்தான் திரும்பினாள். “டீச்சர், இந்தப் புள்ளைக்கு வாய் இல்ல. ஒரு அஞ்சு நிமிசம் எடம் குடுப்பீங்களா?”

“முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை. ஒரு வரி மிச்சம் கிடக்கு, பொறுங்கோ.”

அவர் எழுந்தபோது கீழே பஸ் ஹோர்ன் அடித்தது.

“இப்ப ஓடுனா பிடிச்சிரலாம். இல்லாட்டி மாமா கிளாஸ நிப்பாட்டிருவாரு,” என்றாள் அத்தை மகள்.

நான் உட்கார்ந்தேன்.

பக்கம் திறந்திருந்தது. கீழிறங்கும் படிகள், முடிவில் மூடிய கதவு. கதவின் மேல் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றி அழிந்தன. ஏழு எழுத்துகள். வரிசை பிசகாமல் கருத்துக்களத்தில் எழுதினேன். சற்று நேரத்தில் திரை மறுபடி கறுத்தது. அந்த எழுத்துகள் எதைத் திறக்கும் என்று பார்க்க எனக்கு இன்னொரு சனிக்கிழமை வேண்டும். பஸ் போய்விட்டிருந்தது.

கினிகத்தேனைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, தோட்டத்துச் சந்தியில் இறங்கி, தூறலில் தேயிலைக்கு நடுவே நடந்தோம். வாசற்படி ஏறுகையில் பக்கத்து வீட்டு வானொலியில் ஆறு மணிச் செய்தி தொடங்கியது. எங்கள் சுவரில் ஆறரை.

“மணியப் பாரு,” என்றார் அப்பா.

“ரேடியோவுல இப்பதாம்ப்பா ஆறு.”

“அது அவங்க வீட்டு ரேடியோ. இந்த வீட்டுக்கு இதுதான் மணி.”

“பஸ்ஸு போயிருச்சு மாமா,” என்றாள் அத்தை மகள்.

“பஸ்ஸுக்கும் மணி இருக்குல்ல. அடுத்த கெழமயிலருந்து கிளாசுக்குப் போக வேணாம்.”

அவ்வளவுதான். அவர் சத்தம் போடுபவரல்லர். சத்தம் போட்டிருந்தால், ஒருவேளை நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் ஞாயிறு, பெரட்டு இல்லை. அப்பா முன்னறையில் தேநீரோடு இருந்தார். நான் கதிரையொன்றை இழுத்துச் சுவரோடு வைத்து ஏறினேன். கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை அரை மணி பின்னால் திருப்பி, அதே ஆணியில் மாட்டினேன்.

“திங்கக்கெழம பெரட்டுக்குப் பிந்துனா?” என்றார் அப்பா.

“நா எழுப்பி விடுறேன்,” என்றேன், கதிரையிலிருந்து இறங்காமல்.