ரிசீவர் வயரும் என் காதும்

எங்கள் வீட்டு ஹோலில் இன்னும் ஒரு கறுப்பு டயல் போன் இருக்கிறது. கல்பிட்டியைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் அதோடு நின்று படம் எடுப்பார்கள். எனக்கு அது அலங்காரச் சாமான் இல்லை. கைபேசியைக் காதில் வைத்தால் என் கன்னம் எங்கேயோ பட்டுக் கதை பாதியில் அறுந்துவிடும். அதனால் கொழும்பில் கட்டிக்கொடுத்த மகள், பின்நேரம் அஸர் தொழுதுவிட்டு இந்தப் போனுக்குத்தான் எடுப்பாள். குர்ஆனில் ஒரு பக்கம் ஓதிக்காட்டுவாள். பிழை வந்தால் நிறுத்துவேன். வராவிட்டால் "சரி மகள்" என்பேன். சின்ன வயதிலிருந்தே அவள் ஓத நான் கேட்டுவந்த பழக்கம்.

அக்கம்பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கும் நான்தான் ஓதிக் கொடுக்கிறேன். இந்த வேலைக்குக் கண் மங்கினாலும் சமாளிக்கலாம், மனப்பாடம் கைகொடுக்கும். காது போனால் பாயைச் சுருட்ட வேண்டியதுதான். என் உம்மாவும் ஓதிக் கொடுத்தவர். என் வயதில் அவருக்குக் காது அடைத்தது. பிள்ளைகள் வாயை மட்டும் அசைத்துவிட்டு ஓடிப்போவார்கள்.

நோன்பு முடிந்த கையோடு மகளின் குரல் தேய ஆரம்பித்தது. முதலில் தூரத்தில் பேசுவதுபோல இருந்தது. பிறகு ஒரு சொல் கேட்டால் அடுத்தது கேட்காது. வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிப் பார்த்தேன். அங்கேயும் அதே கதை. இரண்டும் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். போன் பழுதாக இருக்கலாம் என்று இந்த மண்டைக்குத் தோன்றவே இல்லை. பயம் வந்த பிறகு கேத்தல் கொதிப்பதும் கேட்காததுபோல இருந்தது. ஓத வரும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதால் அவர்களை வைத்துக் காதைச் சோதிக்கவும் முடியாது. யாரிடமும் சொல்லவில்லை. மகள் ஓதி முடித்தாள் என்று தெரிந்தால் "சரி மகள், சரி" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

மகளின் வாப்பா, உப்பள வேலையை விட்டதிலிருந்து வீட்டில் எதைக் கழற்றலாம் என்று தேடித் திரிகிறவர். அந்தப் போனை அவர் தொடுவதே இல்லை, கைபேசி இருக்கிறதே. ஒரு நாள் தூசு தட்டப் போனவர், "இஞ்ச பாரு, வயர் ஒருகி கையெல்லாம் கறுப்பு ஒட்டுது" என்று சத்தம் போட்டார். அடுத்த பஸ்ஸில் புத்தளத்துக்குப் போய் ஒரு சுருள் வயர் வாங்கிவந்தார். அது புதுப் போனுக்கு உரியது, இரண்டு நுனியிலும் பிளாஸ்டிக் கிளிப். எங்கள் போனிலோ வயரைத் திருகாணியில் இறுக்க வேண்டும். மனுசன் அசரவில்லை. கிளிப்புகளை வெட்டி எறிந்தார். பழைய வயரின் பித்தளை நாக்குகளைக் கழற்றி, உப்புக் காற்றில் பிடித்த பச்சைக் களிம்பை அரத்தாளால் தேய்த்து, புது வயரின் நுனிகளில் குறட்டால் நெரித்துப் பூட்டினார். எந்த நிற வயர் எங்கே இருந்தது என்று மட்டும் பார்த்து வைக்கவில்லை.

"புடிச்சிப் பாரு" என்று ரிசீவரை நீட்டினார். காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. மற்றக் காதுக்கு மாற்றினேன், அங்கேயும் இல்லை. அவர் பறித்துத் தன் காதில் வைத்தார். "எனக்கும் ஒண்டும் கேக்கல்லயே!"

அந்த மனுசன் கல்யாணம் முடித்த நாளிலிருந்து சொன்ன எந்தச் சொல்லும் எனக்கு அவ்வளவு இனிக்கவில்லை.

இரண்டு வயர்களை இடம் மாற்றினார். 'ங்ஙொய்' என்ற சத்தம், காதில் வைக்கும் முன்பே கேட்டது. அவர் பழைய வயரைப் பிளந்து காட்டினார். ரிசீவருக்குள் நுழையும் இடத்தில் செம்பு இற்றுப்போய், இரண்டொரு இழைதான் தொட்டுக்கொண்டிருந்தது.

"இதில எப்பிடி ஒனக்குக் கதை கேட்டிச்சி?"

"கேக்கல்ல" என்றேன். சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு நிற்கவே இல்லை. அவர் ஒன்றும் விளங்காமல் தேத்தண்ணீர் ஊற்றப் போனார்.

அஸருக்குப் பிறகு மகள் எடுத்தாள். குரல் பக்கத்து அறையில் இருப்பதுபோல வந்தது. இரண்டாவது வரியிலேயே பிடித்துவிட்டேன்.

"நில்லு மகள். அதை நீட்டி ஓதணும். திரும்ப ஓது."

அவள் திரும்ப ஓதவில்லை.

"உம்மா, நீங்க என்னத் திருத்தி எவ்வளவு நாளாப் போச்சி" என்றாள். "ஒங்களுக்குக் காது கேக்கல்லண்டு எனக்கு விளங்கிட்டு. அதப் பத்திக் கேட்டா ஒடஞ்சி போயிருவீங்கண்டுதான் ஒண்டும் கேக்கல்ல. சும்மா ஓதிக்கிட்டே இருந்தன்."

"காதுக்கு ஒண்டுமில்ல மகள். வயர்தான் பழுது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள், சாதாரணமாகச் சொல்வதுபோல. பிறகு எனக்குத் தெரியக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதுவும் எனக்குக் கேட்டது.