கோச்சடையிலிருந்து வந்த வால்வு

கோச்சடை நண்பர் புது வால்வு என்று தந்ததை நம்பி, என் அமெச்சூர் ரேடியோவில் பேசுவது வெகுதூரம் எட்டப் பெரிய ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். பவர் எழும்பவே இல்லை. என் கையைத்தான் திட்டிக்கொண்டேன். தினமும் காலையில் ரேடியோவில் அவரிடமே யோசனை கேட்டேன். "டிரான்ஸ்ஃபார்மர்தாண்ணே கோளாறு, பிரிச்சுச் சுத்துங்க" என்றார்.

ரெண்டு நாள் ரேடியோவில் வரமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, பழங்காநத்தம் வீட்டில் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ரேடியோ சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவர் எழுமலை நண்பர் ஒருவரிடம் சிரித்தார்: "அந்தச் செத்த வால்வா? அத அண்ணன் தலையில கட்டிட்டேன் மாப்ள. மனுசன் இன்னும் கம்பி சுத்துறாரு."

பழங்காநத்தத்திலிருந்து, அதே மதுரைக்குள் இருக்கும் கோச்சடைக்குப் பேச ஆம்ப்ளிஃபயர் எதற்கு? மைக்கை எடுத்து, ரேடியோவில் எனக்குப் பெயரான கால்சைனை மட்டும் நிதானமாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்தான் கேட்டது.