கொப்பித் தாளில் ஒரு வரையாடு

பிழை பார்த்துப் பிழைக்கிற தொழில் என்னுடையது. அச்சகத்தில் புரூவ் பார்க்கிற சகோதரங்களே, உங்களுக்குத் தெரியாததா? பக்கம் பக்கமாகச் சரியாக வந்ததை ஒருவரும் காணமாட்டார்கள். ஒரு கொம்போ புள்ளியோ விடுபட்டால் ஊரே வாசலில் வந்து நிற்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அச்சுவேலியில், காலால் மிதிக்கிற மெஷின் வைத்திருந்த சின்ன அச்சகம் ஒன்றில் இருந்தேன். எங்களுக்குச் சோறு போட்டது கல்வெட்டு. கல்லில் வெட்டுவதல்ல, ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகம். இறந்தவரின் வரலாறு, தேவாரம், பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாக வரும். போரால் குடாநாட்டுக்குள் பேப்பர் வராத காலம் அது. இருந்த கொஞ்சத்தையும் முதலாளி கல்வெட்டுக்கென்றே பூட்டி வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் உடுப்பிட்டியிலிருந்து ஒரு விலங்கியல் மாஸ்டர், பென்சனில் இளைப்பாறியவர், மனைவியைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு வரையாட்டைக் காப்பாற்ற வந்து சேர்ந்தார்.

சின்ன ர, பெரிய ற

தென்னிந்தியாவின் மேற்கு மலைகளில், மழைக்காடு முடிந்து புல்வெளி தொடங்குகிற உயரத்தில், செங்குத்துப் பாறைகளில் நிற்கிற காட்டாடு அது. வேறெங்கும் இல்லை. வேட்டையாலும் காடு அழிந்ததாலும் அருகிப்போனது. மாஸ்டர் இந்தியாவில் படித்த காலத்தில் ஒரேயொரு தரம் கண்டிருக்கிறார். "அது அழியிறதுக்கு முதல் எங்கடை பிள்ளையள் பேரையாவது அறியவேணும்" என்று ஒரு சிறு புத்தகம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். மலையென்று காட்ட ஒரு மேடுகூட இல்லாத ஊரில் இப்படியும் ஓர் ஆசை! எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனிதரை உடனே பிடித்துவிட்டது.

பேப்பர் வரும்வரை எழுத்தையாவது கோத்து வைப்போம் என்றார் முதலாளி. முதல் புரூவ் என் மேசைக்கு வந்தது. கொட்டை எழுத்தில் தலைப்பு: 'வறையாட்டைக் காப்போம்'. எங்களூரில் வறை என்றால் சோற்றோடு சாப்பிடுகிற வறுத்த கறி. கீரையிலும் செய்வோம், சுறாவிலும் செய்வோம், ஆட்டு இரத்தத்திலும் செய்வோம். எழுத்துக் கோர்க்கிற சின்னராசா அண்ணை, மாஸ்டர் பிழை விட்டுவிட்டார் என்று நினைத்துத் தானே திருத்தியிருக்கிறார். வரை என்றால் மலை என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

"படம் வரையிறதுக்குத்தான் தம்பி சின்ன ர. சாப்பிடுற வறைக்குப் பெரிய ற. ஆடு சாப்பிடுறதுதானே?"

காது

அட்டைக்குப் படம் வேண்டும். எங்களிடம் இருந்த ஒரே ஆட்டுப் படக்கட்டை, யாரோ கிடாய் விற்க விளம்பரம் போட்டபோது செய்தது. அந்தக் கிடாய்க்கு இரண்டு காதும் தாடைக்குக் கீழே தொங்கும். வரையாட்டுக்கோ காது சின்னது. முதலாளி அரத்தை எடுத்து, காதை ராவிக் குறைத்துவிடலாம் என்றார். மாஸ்டர்கூட இறங்கி வந்துவிட்டார், பாவம், வேறென்ன செய்வார்?

பேப்பர் வெட்டுகிற மேசைப் பக்கம் இருந்த அவர் மனைவி எழும்பி வந்து கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அவ அந்த ஆட்டைக் கண்ணால் கண்டவ இல்லை. கடல் தாண்டியும் போகாதவ.

"காதை ராவினால் அது காது ராவின கிடாய்தான். படம் வேண்டாம், விடுங்கோ."

பகைவர்

புத்தகத்தின் நடுவில் ஒரு வரி: 'வரையாட்டின் இயற்கைப் பகைவர்கள் புலியும் சிறுத்தையும்'. அந்த நாட்களில் இந்த இரண்டில் முதல் விலங்கின் பேரை அச்சில் ஏற்றுமுன் எல்லோரும் இரண்டு தரம் யோசிப்போம். முதலாளி புரூவைக் கையில் பிடித்தபடி கதவை ஒருதரம் பார்த்தார், மாஸ்டரை ஒருதரம் பார்த்தார். இது விலங்கியல் என்று மாஸ்டர் வாதாடினார். விலங்கியலை வாசிக்கிறவர்கள் எல்லோரும் விலங்கியலாக வாசிப்பார்களா என்பதுதான் முதலாளியின் கவலை.

"சிறுத்தையை மட்டும் போடுவம் மாஸ்டர். சிறுத்தைக்காக இஞ்சை ஒருத்தரும் கேள்வி கேட்டு வரமாட்டினம்."

முறை

ஒருமுறை, பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற, கோடு போட்ட கொப்பித் தாள் ஒரு கட்டு அகப்பட்டது. மாஸ்டருக்குச் சொல்லி அனுப்பினோம். ஆள் பறந்து வந்தார். மெஷினில் எழுத்தை ஏற்றுகிற நேரம், வல்வெட்டித்துறையிலிருந்து ஒருவர் வந்து நின்றார். தகப்பன் தவறிவிட்டார், அந்தியேட்டி நெருங்கிவிட்டது, எந்த அச்சகத்திலும் தாள் இல்லை. மாஸ்டர் தன் கையாலேயே கட்டைத் தூக்கி அவர் பக்கம் வைத்தார்.

"ஆடு பொறுக்கும். அவரின்ரை அப்பாவுக்கு நாள் பொறுக்காது."

அதன் பிறகும் அப்படித்தான். தாள் வரும், கூடவே ஒரு சாவும் வரும். ஆடு பின்னுக்குப் போகும். கடைசியில், மற்றக் கல்வெட்டுகளுக்கு எழுத்துப் போதாமல், ஆட்டுக்குக் கோத்து வைத்ததையும் கலைக்கும்படி முதலாளி சொன்னார்.

கணவர் புலம்பல்

பிறகு ஒருநாள் மாஸ்டர் தனியாக வந்தார். கரியர் வெறுமையாக இருந்தது. சாதாரணக் காய்ச்சல்தானாம், மருந்து கிடைக்கவில்லையாம். முதலாளி அலுமாரியைத் திறந்து கொப்பித் தாளை எடுத்தார். தேவாரம் எது போடுவது என்று நான் கேட்டேன். "தேவாரம் எல்லா வீட்டிலையும் இருக்கு" என்றார் மாஸ்டர். மனைவியின் வரலாறு ஒரு பக்கம். மீதிப் பக்கங்களுக்குக் 'கணவர் புலம்பல்' என்று தலைப்புப் போடச் சொல்லி, அதன் கீழே போடப் பழைய ஆட்டுப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியைத் தந்தார். சின்னராசா அண்ணை இந்தமுறை சின்ன ர போட்டுக் கோத்தார்.

அந்தியேட்டிக்கு நானே புத்தகங்களைக் கொண்டுபோனேன். சாப்பாட்டுக்குப் பிறகு சொந்தக்காரர் ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், செத்தது மனிசி, புலம்பல் ஆட்டுக்கோ?" என்று கேட்டார். மாஸ்டர் கோபிக்கவில்லை.

"கலியாணம் கட்டின நாள் துவக்கம் இந்த ஆட்டுக் கதையை அலுக்காமல் கேட்டது அவ ஒருத்திதான். இனி நான் ஆருக்குச் சொல்லுறது? நீங்கள் எல்லாரும் சேர்ந்து வாசியுங்கோ."

செத்தவர்களுக்கே அச்சடித்து வயிறு வளர்த்த எங்கள் அச்சகம், சாகாமல் இருக்கட்டும் என்று அச்சடித்தது அந்த ஓர் ஆட்டுக்குத்தான், அதையும் கல்வெட்டு என்று சொல்லித்தான் அடிக்கவேண்டியிருந்தது.