சட்டி போட்ட சிப்பாய்

ஐந்து வயதில் நான் ஒரு பொல்லாத பிள்ளை. செல்லமாகச் சொல்லவில்லை. கடிப்பேன், உதைப்பேன், முகம் நீலமாகும்வரை தரையில் கிடந்து கத்துவேன். யாராவது ஒன்றைச் செய்யச் சொன்னால் போதும், உடம்பு விறைத்துவிடும். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. நாங்கள் இருந்த ஊரான காஜா பேராங்கில் எங்கள் வரிசையில் ஆறு வீடு. ஆறிலும் என் பல் பட்டவர்கள் இருந்தார்கள்.

அது ஜப்பான்காரன் காலம். அரிசி கிடையாது, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. சத்தில்லாத உடம்பில் எல்லாருக்கும் புண் வந்தது. எனக்கு இடது கணுக்காலில் வந்து, எலும்பு தெரிகிற அளவுக்கு ஆழமாகிவிட்டது. வாரம் ஒருமுறை கூட்டிவந்து கட்டு மாற்றாவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற சடக்கில் ஒரு சந்தி. அங்கே துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாய் நிற்பான். போகிறவர்கள் சைக்கிளைவிட்டு இறங்கி, இடுப்பு வளையக் குனிந்து நிமிர்ந்துதான் போக வேண்டும். நடக்கிற பிள்ளையும் குனிய வேண்டும்.

முதல் தடவை அப்பா என்னை இறக்கிவிட்டு, "குனிம்மா" என்றார். அதோடு கெட்டது. நான் சடக்கிலேயே படுத்து அலறினேன். சிப்பாய் "குரா!" என்று தன் பாஷையில் அதட்டிக் கத்தினான். நான் அவனைவிடச் சத்தமாகக் கத்தினேன். அவன் என்னைத் தொடவில்லை. அப்பாவின் கன்னத்தில் இரண்டு அறை விட்டு, வந்த வழியே துரத்தினான். கட்டு மாற்றாமலே திரும்பினோம்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். காலுக்கு இல்லை, என் குணத்துக்கு. பக்கத்துக் கடை லெப்பை ஒரு கயிறு ஓதிக் கட்டினார், நான் அறுத்தேன். அம்மா மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள், மிளகாய்தான் வீண். அப்பாவின் அண்ணன், அதாவது பெரியப்பா, ரொத்தான் பிரம்பை எடுத்து வந்தார். அவர் கையைக் கடித்தேன்.

"இது பிள்ளையாடா? கடிநாய்!" என்று கையை உதறினார். "கட்டிப்போட்டு நாலு வைடா. இல்லேன்னா அந்தச் சந்தியிலேயே உன்னைப் பிடிச்சு சயாமுக்கு ஏத்திருவான். அப்புறம் உன் பொண்டாட்டியையும் இந்தச் சனியனையும் நானா பார்க்கிறது?"

அது வெறும் மிரட்டல் இல்லை. சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வரிசையிலிருந்து இரண்டு பேர் போனார்கள். வரவில்லை. சிப்பாயின் கண்ணில் ஒரு முறை பட்டுவிட்ட ஆளுக்கு மறுமுறை தப்பிப்பது கஷ்டம் என்று எல்லாரும் நம்பினார்கள். என்னைக் கூட்டிப்போனால் அப்பாவுக்கு ஆபத்து. போகாவிட்டால் என் கால் போகும்.

அப்பா சைக்கிள் கடையில் வேலை செய்தவர். டயர் கிடைக்காத நாளில் சக்கரத்தில் கயிறும் ரப்பர் குழாயும் சுற்றிக் கொடுத்து ஓட வைப்பார். வாய்ப்பேச்சு குறைவு. மறுநாள் சாயங்காலம் அவர் வீடு திரும்பும்போது நான் வாசலில் துடைப்பக்கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, கோழிகளைப் பார்த்து "குரா! குரா!" என்று மிரட்டிக்கொண்டிருந்தேன். பெரியப்பா பல்லை நறநறவென்று கடித்தார். அப்பா சைக்கிளிலிருந்து இறங்கினார். என் முன்னால் வந்து நின்று, இடுப்பு வளையக் குனிந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னும் கீழ!" என்றேன். குனிந்தார். கன்னத்தில் ஒன்று வைத்தேன்.

"அப்பனை அடிக்கிறா, பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே" என்றாள் அம்மா.

"அவன் அடிச்சதுக்கு இது லேசு" என்றார் அப்பா.

பிறகு என்னிடம் பேரம் பேசினார். மூன்று தரம் நான் சிப்பாய், ஒரு தரம் அவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் நானே சிப்பாய். மூன்றாம் நாள் அவர் கிழங்கு வேகவைக்கிற சட்டியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். அது மூக்குவரை இறங்கியது. கண் தெரியாமல் தூணைப் பார்த்து "குரா!" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே குனிந்துவிட்டேன்.

அதற்கடுத்த நாள் சட்டி கொஞ்சம் பின்னால் போனது. அடுத்த நாள் சட்டியே இல்லை. குரல் கூடிக்கொண்டே வந்தது, முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. பேரம் பேசியபடியே, நான் ஒரு தரம் குனிந்ததும் துடைப்பக்கட்டை மூன்று தரத்துக்கு என் கைக்கு வந்துவிடும். அத்தனை நாளும் "குனி" என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. இப்போது பக்கத்து ஆயர் குரோவில், அடங்காத பிள்ளையை விளையாட்டால் வழிக்குக் கொண்டுவர என்று குளிர்சாதன அறையும் பொம்மையும் வைத்துக் காசு வாங்குகிறார்கள். வாங்கட்டும். என் அப்பாவிடம் இருந்தது ஒரு சட்டி. அதுவும் கரி பிடித்தது.

அதற்குள் புண் நாற ஆரம்பித்திருந்தது. மறுவாரம் போனோம். சந்தியில் அப்பா குனிந்தார். நானும் பக்கத்தில் நின்று அழகாகக் குனிந்தேன். சிப்பாய் போகச் சொல்லிக் கையை ஆட்டினான். அப்பா சைக்கிளை உருட்டினார். நான் நகரவில்லை. அவன் முறை முடிந்தது, இனி மூன்று தரம் என் முறை. விளையாட்டென்றால் நேர்மை வேண்டாமா? சிப்பாயை அண்ணாந்து பார்த்து, என்னால் முடிந்த அளவு பலமாக, "குரா!" என்றேன்.

சந்தியில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். சிப்பாய் ஓர் அடி முன்னால் வந்தான். அப்பா சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார். அவன் பக்கம் திரும்பவில்லை. எனக்குக் குனிந்தார்.

"இன்னும் கீழ!"

இன்னும் குனிந்தார். மூன்று தரம். ஒன்றுகூடக் குறைக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி இருந்தது. சிப்பாய் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். முகமெல்லாம் பரு, மீசைகூட முளைக்கவில்லை. துப்பாக்கிக் கட்டையால் அப்பாவின் பின்புறத்தில் ஒரு தட்டு தட்டிப் போகச் சொன்னான்.

சந்தியைத் தாண்டியும் அப்பா சைக்கிளில் ஏறவில்லை. என்னை மேலே உட்காரவைத்து உருட்டிக்கொண்டே வந்தார். அவர் சிலுவார் தொடையிலிருந்து முழங்கால்வரை நனைந்திருந்தது.

"அப்பா, ஒண்ணுக்குப் போயிட்டீங்களா?"

"ஆமாம்மா."

"பெரியவங்களும் போவாங்களா?"

"அவசரம்னா போவாங்க."

கட்டு மாற்றினார்கள். கால் தப்பியது. வீட்டுக்கு வந்ததும் வாசலிலிருந்தே கத்திச் சொன்னேன், அப்பா சிலுவாரிலேயே ஒண்ணுக்குப் போய்விட்டார் என்று. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியப்பா கொடியில் கிடந்த தன் சாரோங்கை உருவி அப்பாவின் கையில் கொடுத்தார்.

எனக்கு வந்ததே கோபம்! நான் நனைத்தால் முதுகில் அடி. இவர் நனைத்தால் சலவை செய்த சாரோங். எந்த ஊர் நியாயம் இது? தரையில் விழுந்து, கால் கட்டு அவிழ்கிற மாதிரி உதைத்து அலறினேன். யாரும் என்னை அதட்டவில்லை. அப்பா மட்டும் சிரித்தார். சாரோங்கைக் கட்டிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் அதே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.